தத்தெடுத்த மகள் பேசாமல் ஒதுங்கியே இருக்கிறாள்: என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 41, கணவருக்கு 44. திண்டுக்கல் மாவட்டத்தில் வசிக்கிறோம். பெற்றோரை இழந்து இல்லத்தில் வளர்ந்த ஆறு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. மாவட்ட ஆட்சியரின் ஆணையும் கிடைத்துவிட்டது. குழந்தை எதற்கும் அடம் பிடிப்பதில்லை, அழுவதும் இல்லை. ஆனால் கேட்டால் ஒழியப் பேசுவதில்லை. என்னை அம்மா என்று அழைக்கவில்லை. யாராவது வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். அவள் தலையணைக்கு அடியில் இட்லியும் பிஸ்கட்டும் இருந்ததைப் பார்த்த என் மாமியார், "இது நம்மோடு ஒட்டாது, கொண்டுவந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்" என்கிறார். அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் அவளுக்குக் காது குத்தி, புதுப் பெயர் சூட்டி, உறவினர்களுக்கு விருந்து வைக்க இருக்கிறோம். இந்தக் கூச்சம் தானாகப் போய்விடுமா, மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவனித்தது அவள் பேசாததையோ ஒளிந்துகொள்வதையோ அல்ல, அடம் பிடிக்காததையும் அழாததையும்தான். ஆறு வயதுக் குழந்தை புதிய வீட்டில் மூன்று மாதம் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை என்றால், அங்கே முரண்டு பிடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், லண்டன் மருத்துவமனைகளில் நீண்ட நாள் தங்கியிருந்த சிறு குழந்தைகளை 1940களின் இறுதியிலிருந்து கவனித்து வந்த சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், பிரிவுக்கு ஆளான குழந்தை முதலில் அழுது எதிர்ப்பதையும், பிறகு சோர்ந்து அடங்குவதையும், கடைசியில் யாரிடமும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காத ஓர் அமைதிக்கு வந்துவிடுவதையும் பதிவு செய்தார். அந்த மூன்றாம் நிலையைத்தான் சுற்றியிருந்த பெரியவர்கள் 'பழகிவிட்டது' என்று எண்ணி நிம்மதி அடைந்திருந்தார்கள். உங்கள் மகள் பெற்றோரை மட்டும் இழக்கவில்லை. இல்லத்தில் அவளைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டவர்களையும், பக்கத்துப் பாயில் படுத்திருந்த தோழிகளையும் சேர்த்தே இழந்திருக்கிறாள். நல்ல இடத்துக்குத்தானே வந்திருக்கிறாள் என்ற எண்ணத்தில் இந்த இரண்டாவது இழப்பை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உங்களிடம் தரப்பட்ட குழந்தை ஆய்வு அறிக்கையை இந்தக் கண்ணோட்டத்தோடு இன்னொரு முறை படியுங்கள். அவள் யாரோடு ஒட்டுதலாக இருந்தாள் என்பதை இல்லத்தில் கேட்டறிந்து, முடிந்தால் அவர்களோடு தொலைபேசியில் பேச வழி செய்யுங்கள்.

விருந்தினரைக் கண்டு அவள் ஒளிந்துகொள்வது என் பார்வையில் நல்ல அறிகுறி. 1989க்குப் பிறகு ருமேனிய அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்து வந்த குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். மிக மோசமான நிலையில் இருந்த அந்த இல்லங்களில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் நீடித்த சிக்கல்களுள் ஒன்று, முன்பின் தெரியாதவரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்வதும் அவர்கள் அழைத்தால் உடனே கிளம்பிவிடுவதும் ஆகும். வந்தவர் மடியில் எல்லாம் போய் உட்காரும் குழந்தையை உறவினர்கள் மெச்சுவார்கள். எனக்கு அந்தக் குழந்தையைப் பற்றித்தான் கவலை அதிகம். உங்கள் மகள் வீட்டார் யார், வேற்றார் யார் என்று பிரித்துப் பார்க்கிறாள். ஆகவே பீரோவின் பின்னாலிருந்து அவளை இழுத்து வந்து வணக்கம் சொல்லவோ பாட்டுப் பாடவோ வைக்க வேண்டாம். யார் வரப்போகிறார்கள், எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வந்தவர்களிடம் அவளைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச வைப்பதற்கு முயற்சி செய்யச் செய்ய இத்தகைய குழந்தைகள் மேலும் ஒடுங்குவார்கள். எதிரில் உட்காரவைத்து முகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அவர்களுக்கு விசாரணை போலத் தோன்றும். கீரை ஆயும்போதும், தலை பின்னும்போதும், வண்டியில் போகும்போதும் நீங்கள்பாட்டுக்கு உங்கள் நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருங்கள். பதில் வந்தால் வரட்டும். சில மாதங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது ஆகியவற்றை நீங்கள் இருவர் மட்டுமே செய்வது நல்லது. வெளியே கிளம்பும்போது குழந்தை அழுமே என்று அவள் பார்க்காத நேரத்தில் நழுவிப் போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை அடியோடு விட்டுவிடுங்கள். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

தலையணை இட்லியைத் திருட்டு என்று யாரும் சொல்லக் கூடாது. அடுத்த வேளை சாப்பாடு கட்டாயம் வரும் என்பது அவளுக்கு இன்னும் ஒரு செய்திதான், அனுபவம் ஆகவில்லை. அவளுக்கே உரிய மூடி போட்ட டப்பா ஒன்றை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, பொரிகடலையோ கடலை மிட்டாயோ போட்டு, அது குறையக் குறைய எதுவும் கேட்காமல் நிரப்பி வாருங்கள். டப்பா ஒருநாளும் காலியாகாது என்று அவளே கண்டுகொள்ளும்வரை இந்தப் பழக்கம் தொடரும். அறிவுரையால் அதை விரைவுபடுத்த முடியாது.

அம்மா என்று அழைக்கச் சொல்லி வற்புறுத்துவதோ அதற்காகப் பொம்மை வாங்கித் தருவதோ வேண்டாம். ஆறு வயதுக் குழந்தையின் நினைவில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கக்கூடும். "அம்மா கடைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்லி வந்தால் போதும்.

இந்தக் காரணங்களாலேயே அடுத்த மாத விழாவை ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மொட்டை, அறிமுகமில்லாத தாய்மாமன் மடி, ஊசியின் வலி, நூறு பேரின் பார்வை ஆகிய அனைத்தையும் ஒரே காலைப்பொழுதில் இந்தக் குழந்தை தாங்க வேண்டியதில்லை. உங்கள் அண்ணனோ தம்பியோ அதற்கு முன் பலமுறை வீட்டுக்கு வந்து அவளோடு பழகியிருக்கட்டும். பிறகு வீட்டார் சிலரோடு மட்டும் காது குத்திக்கொள்ளலாம். பெயரை மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து வயதைக் கடந்த குழந்தையின் சம்மதத்தைக் கேட்டே தத்து கொடுக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது; அவ்வளவு மதிக்கப்பட்ட குழந்தையிடமிருந்து, பழைய வாழ்விலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே உடைமையை எடுத்துக்கொள்வது நியாயமில்லை. முன்னெழுத்து மட்டும் உங்கள் குடும்பத்துடையதாக இருக்கட்டும்.

மாமியாரின் பேச்சுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தத்தெடுப்பு ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அவள் உங்களுக்குப் பிறந்த மகளாகவே கருதப்படுகிறாள். வாரிசுரிமையும் அதில் அடங்கும். இதை உங்கள் கணவர்தான் தன் தாயிடம் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. சட்டம் பேசி ஒரு பெரியவரின் மனத்தை மாற்றிவிட முடியாது என்பதால், தினமும் ஒரே நேரத்தில் ஒரு சிறு வேலையை, மாலையில் பூச்சூட்டுவது போன்ற ஒன்றை, அப்பத்தாவின் பொறுப்பில் விடுங்கள். ஆனால் 'ஒட்டாது', 'விட்டுவிடுங்கள்' போன்ற சொற்கள் குழந்தையின் காதில் இனி விழவே கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்ற விவரம் உறவினர்களுக்குத் தேவையில்லை. அது அவளுடைய கதை, சொல்லும் உரிமையும் அவளுடையது.

மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஆனால் கூச்சத்துக்காக அல்ல. முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். சரியாகக் காது கேட்காத குழந்தையைக் கூச்சக்காரி என்று எண்ணிவிடுவது எளிது. பார்வை, இரத்தசோகை, குடற்புழு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் தாராளமாகப் பேசத் தொடங்கிய பிறகும் பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேசாவிட்டால், அது சூழல்சார்ந்த பேசாமை என்ற, சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய ஒரு பதற்ற நோயாக இருக்கலாம். எடை குறைவது, தூக்கமின்மை, தன்னைத்தானே அடித்துக்கொள்வது, தொட்டாலோ குளிப்பாட்டினாலோ விறைத்துப்போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் குழந்தை மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். என்ன நடந்தது என்று நீங்களே துருவிக் கேட்க வேண்டாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.

இன்னும் சில மாதங்களில் ஒருநாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "மாட்டேன்" என்று கத்தக்கூடும். நீங்கள் இடம் கொடுத்ததால்தான் கெட்டுப்போனாள் என்று அப்போது வீட்டில் பேச்சு வரும். உங்களிடம் கோபப்பட்டாலும் தன்னை விட்டுவிட மாட்டீர்கள் என்று அவள் நம்பத் தொடங்கியிருக்கிறாள் என்பதே அதற்குப் பெரும்பாலும் பொருள். தட்டை அவளோடு சேர்ந்து எடுத்துவைத்துவிட்டு, மறுபடி சோறு போடுங்கள்.

தத்தெடுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சமூகப் பணியாளர் வந்து அறிக்கை தயாரிப்பார். பல பெற்றோர் இதைத் தேர்வு என்று நினைத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். குழந்தைக்கும் குடும்பத்துக்கும் ஒத்துப்போவதில் சிக்கல் இருந்தால், தத்தெடுப்பு மையமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஆலோசனைக்கு உங்கள் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.