வண்டியில் கருகல் வாடையா? மலைப்பாதைக் கேள்வி பதில்

மசினகுடி: அண்ணே, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கி மாவனல்லா வந்தபோது முன்சக்கரத்தில் கருகல் வாடை. பிரேக் பெடலும் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது.

வாடையைவிட அந்தப் பெடல்தான் கவலை. 36 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கினால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு சூடேறி நாறத்தான் செய்யும்; ஆறினால் போய்விடும். பெடல் ஆழமாகப் போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவி கட்டியிருக்கலாம். டாட் 3 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியே போதும், கொதித்துவிடும். அதனால் முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

அடுத்தமுறை வாடை வந்தால் ஓரம் கட்டி, கியரில் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். நான்கில் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதென்றால் கேலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டும் முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர், அவ்வளவுதான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களிடம் நான் பேசுவதில்லை.

கோத்தகிரி: ஏற்றத்தில் நெரிசல். நின்று நின்று ஏறியதில் காகிதம் கருகிய வாடை.

கிளட்ச். பாதி மிதித்து வண்டியை நிறுத்திப் பிடித்திருப்பீர்கள். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? மூன்றாம் கியரில் மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு முடிந்தது.

ஊட்டி: காலையில் ஹீட்டர் போட்டால் ஒரு தித்திப்பு வாடை, கண்ணாடி உள்ளே பிசுபிசுப்பு.

ஹீட்டர் கோரில், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. கால்மிதியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம்; ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் காப்பாற்றுகிறது. சூட்டில் அதைத் திறக்காதீர்கள்.

கூடலூர்: புது மியூசிக் சிஸ்டம் மாட்டியதிலிருந்து பிளாஸ்டிக் கருகுகிறது. ஃபியூஸும் இரண்டுமுறை போனது.

ஓட்டாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெரிய ஃபியூஸாகப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

மஞ்சூர்: நெடுநாள் நிறுத்திய வண்டி. எடுத்ததும் புல் எரிகிற வாடை.

எலிக்கூடு. பானட்டைத் திறந்து சருகை எல்லாம் எடுங்கள், அப்படியே வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

குன்னூர்: சில நேரம் ஏதோ கருகுகிறது. என்னவாக இருக்கும்?

இப்படிக் கேட்டால் எப்படி? ஏறும்போதா இறங்கும்போதா, நிறுத்திய பிறகா? வண்டிக்குள்ளா, வெளியிலா? ஆயில் மட்டம் குறைகிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.