போலி மரபணுவின் வெளிப்பாடு மிகுந்தால் புற்றுநோயாளி கூடுதல் காலம் வாழ்வது எப்படி?

போலி மரபணு (வேறொரு மரபணுவின் பழுதடைந்த நகல்) புரதம் எதையும் உண்டாக்காது என்று படித்திருக்க, அதன் வெளிப்பாடு (அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏவின் அளவு) மிகுந்த நோயாளிகள் கூடுதல் காலம் உயிர் வாழ்வதாக ஆய்வுகள் கூறுவது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்என்ஏ வரிசைத் தரவுகளுடன் பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவன் என்ற முறையில், எனக்கு நன்கு பழக்கமான பிடென்பி1 (PTENP1) என்னும் போலி மரபணுவைக் கொண்டே விடை சொல்கிறேன்.

இதன் மூலமரபணுவான பிடென் (PTEN), உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைக்குத் தடை போடும் புரதத்தை உருவாக்குகிறது. அதன் அளவு சிறிது குறைவதுகூட ஆபத்தானது. இயல்பான அளவில் 80 விழுக்காடு மட்டுமே பிடென் கொண்ட எலிகளுக்குப் புற்றுக்கட்டிகள் தோன்றியதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 10ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவின் நகல்தான் 9ஆம் குரோமோசோமில் பிடென்பி1 ஆகக் கிடக்கிறது. புரதத் தொகுப்பைத் தொடங்கும் குறியீடு அதில் சிதைந்துவிட்டதால் அதிலிருந்து புரதம் பிறப்பதில்லை. ஆனால் ஆர்என்ஏ பிறக்கிறது.

2010இல் பாஸ்டனைச் சேர்ந்த பண்டோல்ஃபி குழுவினர் நேச்சர் இதழில் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். பிடென் ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அதை அழிக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் என்னும் மிகச் சிறிய ஆர்என்ஏக்கள், பிடென்பி1 ஆர்என்ஏவிலும் ஒட்டுகின்றன. ஆகவே போலி மரபணு அவற்றில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, பிடென் தப்பிப் பிழைக்கிறது. சில பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் பிடென்பி1 இருக்கும் பகுதியே இழக்கப்பட்டிருப்பதையும் அவர்கள் கண்டனர். உயிர் பிழைப்புடன் தொடர்பு ஏற்படுவதற்கு நம்பத்தக்க ஒரு வழி இது.

ஆயினும் இதையே முழு விடையாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஒரு போலி மரபணுவின் ஆர்என்ஏ மிகச் சில பிரதிகளே இருக்கும்போது, ஆயிரக்கணக்கான பிற இலக்குகளும் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களை அது எவ்வாறு திசைதிருப்பும் என்ற எதிர்வாதம் வலுவானது. மேலும், பிடென்பி1இன் எதிர்த்திசை ஆர்என்ஏ (எதிர் இழையிலிருந்து படியெடுக்கப்படுவது) ஒன்று பிடென் மரபணுவின் தொடக்கப் பகுதிக்கே சென்று அதை அடக்குகிறது என்று 2013இல் தெரியவந்தது. மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களிலோ, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) இருப்பதையும் இல்லாததையும் பொறுத்து பிடென்பி1இன் விளைவு தலைகீழாகிறது. ஆகவே ஒரு போலி மரபணுவை நல்லது என்றோ தீயது என்றோ புற்றின் வகையைச் சொல்லாமல் கூறுவது தவறு.

எனக்கு மிகுந்த கவலை தருவது அளவீடுதான். பிடெனில் புரதத்துக்கான குறியீடு உள்ள பகுதியும் பிடென்பி1இல் அதற்கு இணையான பகுதியும் சுமார் 98 விழுக்காடு ஒத்திருப்பதால், ஆர்என்ஏவைப் படிக்கும் கருவி தரும் குறுகிய வரிசைத் துண்டுகள் பல எதற்குச் சொந்தமானவை என்றே பிரித்தறிய முடிவதில்லை. தொடக்க காலத்தில், வேறொரு போலி மரபணுவுக்கு உயர்ந்த வெளிப்பாடு இருப்பதாகப் பல வாரங்கள் நம்பியிருந்தேன். இரண்டிடத்தும் பொருந்தும் துண்டுகளை நீக்கியபோது அதில் பெரும்பகுதி மறைந்துபோனது. அவ்வாறான கலப்பு இருந்தால், உயிர் பிழைப்பு வரைபடத்தில் நாம் காண்பது மூலமரபணுவின் நிழலாகவே இருக்கக்கூடும்.

2014இல் 7 வகைப் புற்றுநோய்களின் 2,808 மாதிரிகளில் போலி மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் வெளிப்பாட்டைக் கொண்டே சிறுநீரகப் புற்றை உட்பிரிவுகளாகப் பகுத்து, அப்பிரிவுகளின் வாழ்நாள் வேறுபடுவதைக் காட்டினர். இது முன்கணிப்புக்கு உதவும் செய்தி. ஆனால் அப்போலி மரபணுக்கள்தாம் நோயின் போக்கைத் தீர்மானித்தன என்பதற்கு இது சான்றாகாது. 1,000 மரபணுக்களை 5 விழுக்காடு வரம்பில் சோதித்தால் ஏறத்தாழ 50 மரபணுக்கள் தற்செயலாகவே தொடர்புடையவைபோல் தோன்றும் என்பதையும், கட்டியில் கலந்துள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்களின் விகிதம்கூட வெளிப்பாட்டு அளவை மாற்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே நீங்கள் படித்த ஆய்வில், மூலமரபணுவின் அளவையும் நோயின் நிலையையும் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு நிலைக்கிறதா, வேறொரு நோயாளிக் குழுவிலும் அது மீண்டும் தென்பட்டதா, போலி மரபணுவை மட்டும் உயிரணுவில் குறைத்தபோது வளர்ச்சி மாறியதா என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள்.