நோய் நிர்ணயத்தை இணையவழியில் கற்பிக்க முடியுமா?

திருகோணமலையில் இருந்தபடியே மருத்துவ மாணவர்களுக்கு நோய் நிர்ணயத்தை இணையவழியில் கற்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிந்திக்கும் முறையைக் கற்பிக்கலாம்; வயிற்றைத் தொட்டறிவதற்குக் கட்டிலருகேதான் நிற்க வேண்டும்.

நோயாளியின் விபரங்களை ஒரே தடவையில் கொடுக்கக் கூடாது. மூதூர் விவசாயி ஒருவர் நான்கு நாள் காய்ச்சலோடு வருகிறார் என்று மட்டும் முதலில் காட்டி, மாணவர் தமது ஊகங்களைக் காரணத்தோடு எழுதிய பின்னரே, அவர் வயற்சேற்றில் வேலை செய்ததையும், கெண்டைக்கால் தசை நோவையும், கண் சிவந்திருப்பதையும் வெளியிட வேண்டும். எலிக்காய்ச்சல் உடனே முன்னுக்கு வரும். ஆனால் குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் அதிலும் குறையலாம், டெங்கிலும் குறையலாம் என்பதால், அவசரப்பட்டு டெங்கை விலக்குபவரை அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். எந்தத் தகவலுக்குப் பின் ஊகத்தை மாற்றினார் என்பதற்கே நான் கூடுதல் புள்ளி கொடுப்பேன்; பல்தேர்வு வினாக்கள் அதைப் பெரும்பாலும் அளப்பதில்லை.