காடியை இறக்கிய பிறகு டயர் தேய்வது ஏன்?

கேள்வி: அண்ணே, என் மைவி காரை, ஸ்பிரிங் மாற்றி 40 மில்லிமீட்டர் தாழ்வாக இறக்கினேன். மூன்றே மாதத்தில் முன் டயர்களின் உள்பக்கம் வழுக்கையாகிவிட்டது. என்ன செய்வது? (வாசகர், செந்தூல்)

பதில்: தம்பி, முதலில் அந்த டயர்களைக் கழற்றிப் போடுங்கள். நானும் இப்படித் தேய்ந்த டயரோடு காராக் நெடுஞ்சாலையில் மழையில் வழுக்கியிருக்கிறேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

காடியை இறக்கியதும் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். அது கேம்பர். கூடவே டோ அளவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும். பலர் கேம்பரைத்தான் திட்டுகிறார்கள்; டயரை வேகமாகத் தின்பது டோ.

புது ஸ்பிரிங் போட்டால், அது படிய ஓரிரு வாரம் ஓட்டிவிட்டு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்யுங்கள், ஆனால் அதற்கு முன்பே ஒருமுறை டோவைச் சரிபார்த்துவிடுங்கள். சக்கரத்தைத் திருப்பும் டை ராட், அதைத் தாங்கும் பால் ஜாயின்ட் ஆகிய இணைப்புகள் தளர்ந்து ஆடினால் அலைன்மென்ட் செய்வது வீண். சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தி, காடி தன் சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்கச் சொல்லுங்கள். காடியைத் தூக்கி அந்தரத்தில் வைத்து இறுக்கினால் அதன் ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியும். கேம்பர் அதிகமென்றால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அடியில், சாய்வைத் திருத்தும் கேம்பர் போல்ட் போடலாம். கேம்பரை முதலில், டோவைக் கடைசியில். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்துதான்.

அலைன்மென்ட் அளவுத்தாளைக் கேட்டு வாங்காமல் பட்டறையை விட்டு வராதீர்கள்.