வீட்டிலேயே கத்தி செய்யும் பட்டறை வைக்க என்னென்ன வேண்டும்? எதிலிருந்து தொடங்குவது?

வீட்டுக்குப் பக்கவாட்டில் 10க்கு 12 அடியில் ஒரு ஷெட், கையில் 60,000 ரூபாய், சமையல் கத்தி செய்து பழக ஆசை. முதலில் பெல்ட் கிரைண்டர் (எமரி பெல்ட்டை ஓடவிட்டு இரும்பைத் தேய்க்கும் இயந்திரம்) வாங்குவதா, உலை கட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் மூன்று கத்திக்கு இரண்டிலும் பெரிய பணம் போடாதீர்கள். இரும்பை இறுக்கிப் பிடிக்க நல்ல வைஸ் ஒன்று, 12 அங்குல அரம் இரண்டு, இன்ன இரும்பு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பட்டை. இதிலிருந்து தொடங்குங்கள்.

நான் கோவையில் ஒரு மெஷின் ஷாப்பில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். 2018லிருந்து வீட்டு கார் ஷெட்டில் கத்தி செய்கிறேன். பெரும்பாலும் சமையல் கத்தி, அவ்வப்போது தோட்டத்துக்குக் கொடுவாள். என் அனுபவம் இவ்வளவுதான், அதற்குள் நின்றே சொல்கிறேன்.

கத்தி செய்ய இரண்டு வழி உண்டு. இரும்பைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து உருவாக்குவது ஒன்று. திருப்பாச்சேத்தி அரிவாள் அப்படித்தான் வருகிறது. மற்றது, தட்டையான பட்டையில் கத்தியின் வடிவத்தை வரைந்து, வேண்டாததை அறுத்தும் அராவியும் எடுத்துவிடுவது. அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் போன்றவர்கள் இந்த இரண்டாவது வழியில்தான் பெயர் வாங்கினார்கள். வீட்டுப் பட்டறைக்கு இதுவே சரி. பட்டறைக்கல், சம்மட்டி எதுவும் தேவையில்லை, அக்கம்பக்கத்துக்கும் சத்தத் தொல்லை குறைவு. 3 மி.மீ. பட்டையிலிருந்து ஒரு சமையல் கத்தி எடுக்க, அரத்தால் மட்டும் எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. கை வலிக்கும். ஆனால் வெட்டும் வாயிலிருந்து முதுகு வரை சரிவு எப்படி ஏறுகிறது என்பது அப்போதுதான் கைக்குப் பிடிபடும். இயந்திரத்தில் ஒரு நொடி தவறினால் பள்ளம் விழுந்துவிடும். அரம் அவ்வளவு அவசரப்படாது.

இரும்பு விஷயத்தில்தான் நான் பட்ட அடி. உக்கடம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் இஎன்31 என்று சொல்லிக் கொடுத்த பட்டையை நம்பி வாங்கினேன். இஎன்31 என்பது பேரிங் செய்யும் எஃகு, சுமார் 1% கரி (கார்பன்) உள்ளது. இரண்டு வாரம் அராவி, துளை போட்டு, காய்ச்சித் தோய்த்தேன், அதாவது கடினமாவதற்காகச் சூட்டோடு எண்ணெயில் முக்கினேன். ஆறிய பிறகு அரத்தை வைத்து இழுத்தால், அரம் முன்போலவே கடித்துத் துகள் எடுத்தது. அது கரி குறைந்த சாதாரண மைல்ட் ஸ்டீல். எத்தனை முறை காய்ச்சினாலும் கத்திக்கான பதம் அதற்கு ஏறாது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டை வாங்கினாலும் முதலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, துணியில் சுற்றி வைஸில் வைத்துச் சுத்தியலால் உடைத்துப் பார்ப்பேன். நல்ல எஃகு, சரியான சூடு என்றால் உடைந்த இடம் சாம்பல் நிற வெல்வெட் போல மிக நைசாக இருக்கும். சர்க்கரை கொட்டியதுபோல் மினுமினுத்தால் சூடு மீறிப்போய்விட்டது என்று அர்த்தம். உடையாமல் வளைந்தால் அந்தப் பட்டையை வைத்து கேட் கொக்கி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் தொடங்க வேண்டியது 1084 அல்லது 1075 வகை எஃகில். கத்திப் பட்டை என்றே இணையத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். 1084ல் கரி சுமார் 0.84%. அதன் நல்ல குணம், சரியான சூட்டைத் தொட்டால் போதும், அதிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்து வைக்கத் தேவையில்லை. இஎன்31க்கு அந்தப் பிடிப்பு வேண்டும். கட்டுப்பாடான மின் உலை இல்லாமல் அதை ஒழுங்காகச் செய்ய முடியாது. லாரி ஸ்பிரிங் பட்டை மலிவு, கொடுவாளுக்கு அருமை, ஆனால் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

இனி சூடு. கத்திக்கு உயிர் கொடுப்பது இந்த வேலைதான், இதில் கஞ்சத்தனமோ அவசரமோ வேண்டாம். என் உலை இன்றைக்கும் எளியதுதான். நெருப்புச் செங்கல் அடுக்கி, கீழே ஒரு குழாய் விட்டு, சின்ன ப்ளோயர், எரிக்கக் கொட்டாங்குச்சிக் கரி. கேஸ் உலையும் கட்டலாம். அதில் சூடு தாங்கும் பஞ்சு போன்ற செராமிக் உல் போட்டால் மேலே உலைச்சாந்து கட்டாயம் பூசுங்கள், அந்த இழை நுரையீரலுக்குள் போகக் கூடாது.

எனக்குத் தோய்ச்சல் கற்றுக்கொடுத்தவர் அன்னூர் பக்கத்து ஆசாரி ஒருவர், எழுபதைத் தாண்டியவர். முதல் நாள் காலை பத்து மணிக்கு அவரைக் கூட்டிவந்து உலையை மூட்டினேன். அவர் உட்காரவே இல்லை. "வெய்யில்ல நின்னா நெறம் தெரியாது கண்ணு. பொழுது எறங்கட்டும், நான் வர்றேன்" என்று போய்விட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, விளக்கை அணைக்கச் சொன்னார். அந்த இருட்டில்தான் முதல்முறையாக அதைப் பார்த்தேன். கத்தி மங்கிய சிவப்பிலிருந்து மெல்ல ஏறும்போது, அதன் உடம்புக்குள் கருநிழல் ஒன்று மேகம் போல நகர்ந்தது. முனையும் வாயும் முதலில் தெளிந்தன. பிறகு நிழல் முதுகுப் பக்கம் ஒதுங்கிக் காணாமல் போனது. "இப்பப் பாருங்க, நெழலு போயிருச்சு. இன்னும் ஒரு மூச்சு. இப்ப எடுங்க" என்றார். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது அது வெப்பத்தை உறிஞ்சுகிறது, அதனால் அந்த இடம் சற்று மங்கித் தெரிகிறது. புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனால் அவர் அதைப் பெயரே இல்லாமல் ஐம்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்குப் பக்கத்தில் ஆசாரி இல்லையென்றால், பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் 40 டிகிரி, அதாவது நிறத்தில் ஒரு சாயல் கூடினால் 1084க்குச் சரியான இடம். தோய்க்கக் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஐந்து லிட்டர், அடி அடைத்த இரும்புக் குழாயில், 50 முதல் 60 டிகிரிக்குச் சூடேற்றி. எண்ணெயை ஏன் சூடாக்க வேண்டும் என்று நானும் கேட்டேன். சூடான எண்ணெய் இளகி, கத்தியைச் சுற்றி நன்றாக ஓடும், சூடாக்காத எண்ணெயைவிட வேகமாகக் குளிர்விக்கும். முனை கீழே பார்க்க நேராக இறக்கி, வாயும் முதுகும் இருக்கும் திசையில் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணிக்கொள்ளும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை விஷம். குழாய்க்கு இரும்பு மூடியும் பக்கத்தில் மணல் வாளியும் இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆறியதும் அரத்தை இழுத்தால் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்க வேண்டும். அந்த நிலையில் கத்தி மிகக் கடினம், கீழே விழுந்தால் உடையும். அன்றைக்கே ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். ஓடிஜியின் குமிழ் காட்டும் அளவை நம்ப வேண்டாம். உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் தனியாக வாங்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில் வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் பதம் சரி. இன்னொன்று, தோய்ப்பதற்கு முன் வாயைக் கூர்மையாக்கிவிடாதீர்கள். அரை மி.மீ. தடிமன் விட்டுவைத்து, மீதியைப் பதமான பிறகு எடுங்கள், கத்தி தண்ணீரில் நனைய நனைய. வாய் நீலம் பாரித்தால் பதம் போச்சு.

இந்த மூன்று கத்தி முடிந்தும் ஆசை குறையவில்லை என்றால் அப்போது கிரைண்டருக்குப் போகலாம். 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம் உள்ள பெல்ட் போடும் வகையையே வாங்குங்கள். எல்லா ரகப் பெல்ட்டும் அந்த அளவில்தான் கிடைக்கும். எனக்கு 2021ல் சட்டம், சக்கரங்கள், 2 ஹெச்பி மோட்டார், விஎஃப்டி டிரைவ் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் ஆனது. விஎஃப்டி இருந்தால் வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டலாம், வேகத்தையும் குறைக்கலாம். ஆனால் சிறிய த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் என்ற இணைப்பு முறையில் கட்டி வரும். சிங்கிள் ஃபேஸ் விஎஃப்டிக்கு அதை டெல்டா இணைப்பாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் மோட்டாருக்கு வலு இருக்காது. தெரிந்த ஒயர்மேனை வைத்துச் செய்யுங்கள், எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 4 அங்குலச் சக்கரமும் 1440 ஆர்பிஎம்மும் என்றால் பெல்ட் நிமிடத்துக்கு 460 மீட்டர் ஓடும். பழகுபவருக்கு அதுவே வேகம்தான்.

மெருகேற்றும் பஃபிங் வீல் மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். கத்தியின் வாயைப் பிடித்து நம் மேலேயே எறியக்கூடிய இயந்திரம் அது. எமரி ஷீட்டை மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள், நேரமாகும், பரவாயில்லை. துளை போடும்போது கையுறை போடாதீர்கள், கத்தியைக் கிளாம்பால் இறுக்குங்கள். தூசிக்குத் துணி முகமூடி உதவாது. ரப்பர் முகமூடியில் நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள், மரப்பிடி தேய்க்கும்போதும். மரத்தூளும் கிரைண்டர் பொறியும் ஒரே இடத்தில் சேர விடாதீர்கள். என் ஷெட்டில் கிரைண்டருக்குக் கீழே எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும், பொறி அதில் விழும்.

பிடிக்குத் தச்சுப் பட்டறைத் துண்டுகளே போதும். புளிய மரம், தேக்கு இரண்டுமே நன்றாக உழைக்கின்றன. வெளிநாட்டு வீடியோக்களில் மான் கொம்புப் பிடி பார்த்து ஆசைப்படுவீர்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காட்டில் தானாக உதிர்ந்தது என்று யாராவது கொடுத்தாலும் தொடாதீர்கள். எருமைக் கொம்பில் அதே அழகு வரும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத விதிகள் ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. சமையல் கத்தி சமையல் கத்தியாகத் தெரிய வேண்டும். வாள், குத்துவாள் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். 2021ல் தமிழகக் காவல்துறை, அரிவாள் கத்தி செய்பவர்கள் வாங்குவோரின் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியது. நானும் யாருக்குக் கொடுத்தாலும் நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிவைக்கிறேன். விற்கத் தொடங்கினால் வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டாதீர்கள், குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 1084 துருப்பிடிக்கும். கழுவிய கையோடு துடைத்து, வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் போதும், நாளாக நாளாகச் சாம்பல் நீலமாக ஒரு படலம் ஏறும், அது நல்லது. ஆனால் மாங்காயும் வாழைப்பூவும் அதில் நறுக்கினால் காய் கறுத்துப்போகும், அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்வதால். அதற்கு ஸ்டெயின்லெஸ் கத்தி வேண்டும், அந்த எஃகுக்கு 1000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதை வெளியே ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் என் முதல் நல்ல கத்தி இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது. வெங்காயம், கத்தரிக்காய் எல்லாம் அதில்தான். மாங்காய் என்றால் மட்டும் ஸ்டெயின்லெஸ் அரிவாள்மனையை எடுத்துக்கொள்கிறார்.