கைவேலை கேள்வி-பதில்: பாதியில் நிற்கும் போர்வையும் நிரம்பி வழியும் கார்ட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் எப்படிப் பின்னுவது என்று கேட்டவர்கள் குறைவு. எப்போது பின்னுவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். மாதக் கடைசி வாரம் ஊசியைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அந்த வாரம் முடிந்த கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு குரோஷா (கொக்கிப் பின்னல்) போர்வை, ஒரு கிராஸ் ஸ்டிச் (கட்டம் எண்ணிப் போடும் பெருக்கல்குறித் தையல்) படம், ஒட்டுத்துணிப் பை என்று மூன்று வேலை பாதியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எடுத்தால், எங்கே விட்டேன் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. இரண்டை மூட்டை கட்டிவிட்டு ஒன்றை மட்டும் முடிக்கவா?

மூட்டை கட்ட வேண்டாம். கைவேலை செய்கிறவர்கள் வீட்டில் மூன்று என்பது ஒரு கணக்கே இல்லை. எங்கே விட்டோம் என்று தேடுவதில் நேரம் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது நீங்கள் வேலையை நிறுத்துகிற விதத்தை.

உட்காரும்போது நூல், கத்தரி, விளக்கு என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறோம். எழுந்திருக்கும்போது? போன் அடிக்கும், தூக்கம் வரும், அப்படியே சுருட்டிப் பைக்குள் திணிப்போம். என் பைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கெட்டி அட்டை கிடக்கும். கொக்கி எத்தனை மில்லிமீட்டர், என்ன நூல், அதன் சாயத் தொகுதி எண் என்ன என்பதை முதல் நாளே அதில் எழுதிவிடுவேன். எழுந்திருப்பதற்கு முன் அடியில் பென்சிலால் ஒரே ஒரு வரி: "31வது வரிசை முடிந்தது. அடுத்தது பச்சை. 2 சங்கிலி போட்டுத் திருப்பணும்." இவ்வளவுதான். "பாதி ஆகிவிட்டது" என்று எழுதி வைத்தால் அடுத்த வாரம் அதைப் படித்து ஒன்றும் புரியாது. கை அடுத்ததாகச் செய்ய வேண்டிய காரியம் அதில் இருக்க வேண்டும்.

கொக்கி அளவை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவசரத்துக்கு அந்தக் கொக்கியை உருவி வேறு வேலைக்குக் கொண்டுபோய்விடுவோம். திரும்பி வந்து 4 மில்லிமீட்டருக்குப் பதிலாக 4.5 எடுத்துத் தொடர்ந்தால், போர்வை அங்கிருந்து மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போகும். பல வரிசை தாண்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

குரோஷாவை வரிசையின் நடுவிலும் நிறுத்தலாம், ஏனென்றால் பிரிந்துபோகக் கூடியது கொக்கியில் இருக்கிற அந்த ஒரு கண்ணிதான். அதைச் சற்றுப் பெரிதாக இழுத்து ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிடுங்கள். இரண்டு ஊசிப் பின்னலை வரிசை முடித்துத்தான் வைக்க வேண்டும். நடுவில் விட்டுப் பல நாள் கிடந்தால் அந்த இடத்துக் கண்ணிகள் இழுபட்டுப் போகும். வேறு வழியில்லாமல் நடுவிலேயே எழுந்துவிட்டீர்களா? வலது கைப் பழக்கம் உள்ளவர் என்றால், உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அதை வலது கையில் பிடித்துத் தொடருங்கள். திசை மாறாது.

கிராஸ் ஸ்டிச் துணியை, அதை இழுத்துப் பிடிக்கும் ரிங்கிலிருந்து கழற்றி வையுங்கள். மாதக்கணக்கில் மாட்டியே கிடந்தால் வட்டமாக மடிப்பு விழும், அந்த மடிப்பில் அழுக்கும் சேரும். ஊசியையும் படம் வருகிற இடத்தில் குத்தி வைக்காதீர்கள். துரு இறங்கினால் போக்குவது கஷ்டம். ஓரத் துணியில் குத்திவிடுங்கள்.

அப்புறம், மூன்றையும் ஏன் ஞாயிற்றுக்கிழமைக்கே வைத்திருக்கிறீர்கள்? போர்வை என்பது ஒரே தையல் திரும்பத் திரும்ப வருவது. வேலை முடிந்து வந்த இரவில் பேசிக்கொண்டே நாலு வரிசை போடலாம். கட்டம் எண்ணுகிற வேலையை மட்டும் அந்த இரவில் தொடாதீர்கள். நாள் முழுக்க எண்களைப் பார்த்த தலை ஒரு கட்டம் தள்ளி எண்ணிவிடும், அதற்குப் பின் போடுவதெல்லாம் ஒரு கட்டம் தள்ளியே விழும். துணி வெட்டுவதற்குப் பகல் வெளிச்சமும் பெரிய மேசையும் வேண்டும். ஒரு ஞாயிறு முழுக்கப் பைக்கான துண்டுகளை வெட்டி அடுக்கிவிட்டீர்களானால், பிறகு கிடைக்கிற அரை மணி நேரங்களில் இரண்டிரண்டாகத் தைத்துக்கொண்டே போகலாம்.

மூன்றில் ஒன்று உங்களுக்கே பிடிக்காமல் போயிருந்தால் அது வேறு விஷயம். அதைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். கம்பளி நூலாக இருந்தால் சிட்டமாக (நீள வளையமாக) சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் பின்னிய சுருக்கம் போய் மறுபடி நூலாகிவிடும்.

கேள்வி: என் ஆன்லைன் கார்ட் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. அலுவலகத்தில் மோசமான நாள் என்றால் அன்று இரவு கட்டாயம் எதையாவது வாங்கிவிடுகிறேன். பெட்டி வந்ததும் பிரித்துப் பார்த்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். இதை எப்படி நிறுத்துவது?

மோசமான நாளில் நம்மிடம் இல்லாமல் போவது நேரம். நூலை வாங்கும்போது, அதை மடியில் வைத்துப் பின்னப்போகிற ஓய்வான சாயங்காலத்தையும் சேர்த்து வாங்கிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. வருகிற பெட்டியில் நூல் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் பிரித்துப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது.

கார்ட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன், என்னுடையதும் காலியாக இல்லை. ஆனால் பொருளுக்குப் பொருள் வித்தியாசம் பாருங்கள். சில பொருட்கள் உங்களுக்காகக் காத்திருக்கும், சில காத்திருக்காது. பருத்தித் துணியும் எம்பிராய்டரி நூலும் வெயிலும் ஈரமும் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். எலாஸ்டிக் அப்படி இல்லை. தைக்காமல் சும்மா கிடந்தாலே உள்ளே இருக்கிற ரப்பர் இற்றுப்போய், இழுத்தால் திரும்பி வராது. பசை பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகும். பாலிமர் களிமண் சூடான அறையில் கிடந்தால் பிசையவே வராது. எபாக்சி ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் ஹார்டனர் நாளாக ஆக மஞ்சளடிக்கும். கண்ணாடி போல வர வேண்டிய வேலையில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். காத்திருக்காத பொருட்களைத் தள்ளுபடி என்பதற்காக வாங்குவது வீண். செய்யப்போகிற வாரம் வாங்கினால் போதும்.

இதற்கு நேர்மாறான சங்கதியும் ஒன்று உண்டு. "கொஞ்சம் கொஞ்சமாக வாங்கு" என்று எல்லாரும் சொல்கிற அறிவுரையைப் போர்வை நூல் விஷயத்தில் கேட்காதீர்கள். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் ஒன்று அச்சாகியிருக்கும். ஒரே நிறமாக இருந்தாலும் தொகுதி மாறினால் சாயல் மாறும். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். பின்னிய பிறகு போர்வையின் குறுக்கே கோடாகத் தெரியும். அதனால் போர்வைக்கும் ஸ்வெட்டருக்கும் வேண்டிய மொத்த நூலையும், மேலே ஓர் உருண்டையும், ஒரே தடவையில் ஒரே எண்ணில் வாங்குங்கள். எம்பிராய்டரி நூலுக்கு இந்தக் கவலை அவ்வளவு கிடையாது. டிஎம்சி கம்பெனி நூலில் நிற எண் 310 என்று கேட்டால் எங்கேயும் அதே கறுப்புதான். ஒரு கட்டில் 8 மீட்டர், அதில் 6 இழை. கிராஸ் ஸ்டிச் போடும் 14 கவுன்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடா துணிக்கு வழக்கமாக 2 இழைதான் எடுப்போம். ஆக ஒரே கட்டு 24 மீட்டர் தையல் நூலாகிவிடும். பத்துக் கட்டு சேர்த்து வைக்க அவசியமே இல்லை.

இரவில் வாங்குகிற பழக்கத்துக்கு நான் கண்ட ஒரே வழி, வேலைப் பையில் இருக்கிற அந்த அட்டையின் பின்பக்கம். அந்த வேலைக்கு என்ன குறைகிறதோ அதை அங்கே எழுதுவேன். கார்ட்டைத் திறந்தால் முதலில் அதைத்தான் தேடுவேன். வாங்குகிற ஆசையும் தீரும், நின்ற வேலையும் நகரும்.

கேள்வி: என் மனைவி வேலைக்கும் போகிறார், கைவேலைப் பொருட்களும் வாங்கிக் குவிக்கிறார். ஒரு அலமாரி முழுக்க நூல். அவர் இல்லாத நேரம் பார்த்து நானே ஒழுங்குபடுத்தி, வேண்டாததைத் தூக்கிப் போடலாமா?

ஐயா, கையை வைக்காதீர்கள். உங்களுக்குக் குப்பையாகத் தெரிகிற அந்த ஒரு முழம் நூல், ஒரு ஸ்வெட்டர் கிழிந்தால் தைப்பதற்கென்று எடுத்து வைத்த அதே சாயத் தொகுதி நூலாக இருக்கலாம்.

உதவி செய்யத்தான் வேண்டும் என்றால் ஒரு வேலை சொல்கிறேன். கம்பளிப் பைகளை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு வெளியே எடுத்து, உதறி, வெளிச்சத்தில் பாருங்கள். துணிப்பூச்சியின் புழு கம்பளியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்வது. இருட்டான, யாரும் தொடாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். சுத்தமான பருத்தியையும் அக்ரிலிக்கையும் அது சீண்டாது. அரித்த தடம் தெரிந்தால் அந்த நூலைக் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். இதைச் செய்து பாருங்கள், அலமாரியைப் பற்றி அதன் பிறகு இருவரும் சுமுகமாகப் பேசலாம்.

கேள்வி: தையல் மெஷின் வாங்க ரொம்ப நாளாக ஆசை. தவணையில் கிடைக்கிறது. வேலை நெருக்கடியில் பயன்படுத்துவேனா என்று சந்தேகமாகவும் இருக்கிறது. வாங்கலாமா?

உங்கள் தடுமாற்றம் ரொம்பப் பழையது. ஐசக் சிங்கரின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் 1856லேயே தையல் மெஷினைத் தவணைக்கு விற்க ஆரம்பித்துவிட்டார். முழுப் பணமும் கையில் இல்லாத குடும்பங்களுக்கு மெஷின் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஆகவே தவணை என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். வட்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

எனக்குப் பணத்தைவிட இடம் முக்கியம். மெஷின் எங்கே நிற்கப் போகிறது? பெட்டியிலிருந்து தூக்கி, மேசையைக் காலி செய்து, நூல் கோத்து உட்காரவே இருபது நிமிடம் ஆகுமென்றால் வேலைநாளில் அதை எடுக்கவே மாட்டீர்கள். மூடி போட்டு ஒரே இடத்தில் நிரந்தரமாக வைக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதென்றால் முதலில் இரண்டு முழங்கை அகல இடத்துக்கு வழி பாருங்கள், மெஷின் அடுத்த மாதமும் கிடைக்கும். வாங்கினால் ஊசிகளையும் சேர்த்தே வாங்குங்கள். ஏறக்குறைய 8 மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்ற வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் எல்லாரும் மெஷினைத் திட்டுவார்கள். முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: பகல் முழுக்க டைப்பிங், ராத்திரி குரோஷா. மணிக்கட்டு வலிக்கிறது. கைவேலைதான் ஓய்வு என்கிறார்களே?

மனசுக்கு ஓய்வுதான். மணிக்கட்டுக்கு அது இரண்டாவது ஷிஃப்ட். கொஞ்ச நாள் கொக்கியைக் கீழே வையுங்கள். பிறகு எடுக்கும்போது தடித்த பிடியுள்ள கொக்கியாக எடுங்கள், ஒவ்வொரு வரிசை முடிவிலும் விரல்களை விரித்து நீட்டுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, ராத்திரி தூக்கத்தில் கை மரத்து எழுப்பினாலோ எனக்கு எழுதாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டுக்குள் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளங்கள் இவை.

கேள்வி: கூட வேலை பார்ப்பவருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று ஒரு குட்டிப் போர்வை பின்னித் தருவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். குழந்தை பிறந்தே விட்டது. போர்வை கால்வாசிதான் ஆகியிருக்கிறது. கடையில் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடவா?

வாங்க வேண்டாம். நாலு பக்கமும் ஓரம் சேர்த்துச் சற்றுப் பெரிதாகப் பின்னுங்கள், நடக்கிற வயதில் கொடுக்கலாம். அந்த வயதில் போர்வையை இழுத்துக்கொண்டே வீடெல்லாம் திரிவார்கள், அதனால் மெஷினில் போட்டுத் துவைக்கக்கூடிய நூலா என்று லேபிளைப் பாருங்கள். நூல் நுனிகளை ஆழமாகச் செருகி முடியுங்கள். குட்டி விரல்களுக்கு அவற்றைப் பிடித்து இழுப்பதுதான் முதல் வேலை. நண்பர் கேட்டால், அளவு மாற்றியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். பொய் இல்லை.