சொந்தமாகச் சின்னத் தொழில் நடத்துபவர் நல்ல குடும்பஸ்தனாகவும் இருக்க முடியுமா?

முடியும். எங்கள் அப்பா இருந்தார்.

நீங்கள் எந்த ஊர், என்ன தொழில் என்று கேள்வியில் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஏதோ கடை வைக்க நினைக்கிறீர்கள், வீட்டில் 'அப்புறம் பிள்ளைகளை யார் பார்ப்பது' என்று கேட்டிருக்கிறார்கள், அந்தச் சண்டை முடிவதற்குள் இதைத் தட்டியிருக்கிறீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் எழுத வந்ததற்குக் காரணம் உங்கள் கேள்விகூட இல்லை. எனக்கு முன்னால் பதில் சொன்ன ஒருவர், 'கடைக்காரன் கல்லாவுக்குத்தான் புருஷன்' என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு மத்தியானம் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்த மோட்டாருக்குள் புதுக் கம்பிச் சுருள் சுற்றிப் போடுகிற வேலை. 1989-ல் ஆரம்பித்தது. 2022 ஆடி மாதம் மாரடைப்பில் இறந்துபோகும் வரை அதே இடம், அதே பத்துக்குப் பன்னிரண்டு அடி. நெல்லிக்குப்பம், பாலூர், குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கரும்புக்காரர்களும் காய்கறி போடுகிறவர்களும் எரிந்துபோன மோட்டாரை டிவிஎஸ் 50 பின்னால் கயிறு போட்டுக் கட்டி எடுத்துவருவார்கள். மூன்று பேஸில், அதாவது கரண்ட் வரும் மூன்று லைனில், ஒன்று போயிருக்கும், கவனிக்காமல் ஓடவிட்டிருப்பார்கள். அல்லது லோ வோல்டேஜில் இழுத்து இழுத்துச் சூடேறியிருக்கும். வாசலில் இறக்கும்போதே அந்த வாசனை வரும். எங்கள் வீட்டுத் துணிமணி எல்லாவற்றிலும் கருகிய வார்னிஷ் வாசனைதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அதைச் சொல்லிக் காட்டியதுண்டு.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எரிந்த காயிலை வெட்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்), மோட்டாருக்குள் இருக்கும் பள்ளங்களில் (ஸ்லாட்) எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். ஸ்லாட்டுக்குள் பேப்பர் வைத்து, காயிலை இறக்கி, மூங்கில் குச்சி செருகி, நூலால் கட்டி, ஓடவிட்டுப் பார்த்து, பிறகு வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். சுற்று குறைந்தால் அந்தப் பக்கம் கரண்ட் அதிகமாக இழுக்கும், சூடேறும், மறுபடி எரியும். ஆக எண்ணிக்கைதான் எல்லாம்.

காயில் சுற்றும் அப்பாவின் கை மெஷினில் சுற்று எண்ணும் மீட்டர் எப்போதோ உடைந்துவிட்டது. மெஷினை இராத்திரி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார். சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்குக் கூடத்தில் உட்காருவோம். அம்மா கைப்பிடியைச் சுற்றுவார். அப்பா கம்பியைத் துணியால் பிடித்து விறைப்பாக ஓடவிடுவார். நான் வாய்விட்டு எண்ண வேண்டும். தம்பி அப்பாவின் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பான். டிவி போடக்கூடாது, யாரும் பேசக்கூடாது. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து பிரிக்க வேண்டும்.

(இதை எழுதும்போதே தெரிகிறது, 'குழந்தையை வேலை வாங்கியிருக்கிறார்' என்று ஒருவர் வருவார். ஒரு மணி நேரம் எண்களைச் சொன்னேன், அவ்வளவுதான். என் மார்க்கு ஒன்றும் குறையவில்லை.)

எட்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு எல்லாக் கோயில் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வரும் என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் கட்டாயம் அழைத்துப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். தலை பின்னி, பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு நானும் தம்பியும் வாசலில் நிற்கிறோம். பாலூர் பக்கத்திலிருந்து ஒருவர் மோட்டாரோடு வந்து இறங்கினார். கத்தரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சி நாலு நாள் ஆகிறது என்றார். அப்பா என்னைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். "பாப்பா, அம்மாகூட போய்ட்டு வாங்க" என்றார். போகவில்லை. அம்மாவும் கடைக்குப் போய்விட்டார், நாங்கள் எங்கே போவது.

அன்று இராத்திரியும் ஒன்பது மணிக்கு மெஷின் வந்தது. நான் எண்ணினேன். கோபத்தில் ஒரு காயிலில் வேண்டுமென்றே தாவிச் சொன்னேன். நாற்பத்தொன்றுக்கு அப்புறம் ஐம்பது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காயிலை இறக்கி ஓடவிட்டுப் பார்த்தபோது மீட்டரில் ஒரு பேஸில் மட்டும் ஆம்பியர் ஏறியிருக்கிறது. அந்த செட்டை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணியிருக்கிறார். ஒன்றில் எட்டுச் சுற்று குறைவு. வேலை ஒரு நாள் தள்ளிப்போனது. பாலூர்க்காரர் கத்திவிட்டுப் போனாராம். இதெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த இராத்திரி வழக்கம்போல, "பாப்பா, எண்ணு" என்றார். எண்ண ஆரம்பித்தேன். பதினைந்தோ இருபதோ போனதும் நிமிர்ந்து பார்த்தால், கம்பியைப் பிடித்தபடி அவருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் கூடவே எண்ணுகிறார்.

அடித்திருந்தால் மறந்திருப்பேன். ஒரு வாரமோ பத்து நாளோ அந்த உதடு அசைந்தது. தினமும் அதைப் பார்ப்பதற்காகவே எண்ணினேன். ஒரு நாள் அசையவில்லை. அன்றைக்கு எனக்குக் குரல் கம்மிவிட்டது, "தண்ணி குடி" என்றார் அம்மா.

மாசி மகத்துக்கு அதற்கு அடுத்த வருஷம் போனோம். கூட்டத்தில் தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, எனக்குச் சாமி தெரியவில்லை என்று என்னையும் இடுப்பில் தூக்கப் பார்த்தார். ஒன்பதாவது படிக்கிறவளை! வெட்கமாகப் போய்விட்டது.

அவரைத் தெய்வமாக்க எனக்கு ஆசை இல்லை. முன்கோபம் உண்டு. பள்ளிக்கூடத்துக் கூட்டம் எதற்கும் வந்ததில்லை. தம்பி எந்த வகுப்பு என்று கேட்டால் ஒரு வருஷம் குறைத்துத்தான் சொல்வார். அம்மாவுக்குச் சம்பளம் என்று ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. காயில் சுற்றுவது, பேப்பர் மடிப்பது, நூல் கட்டுவது எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. ஆனால் கடை போர்டில் அப்பா பெயர் மட்டும்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "உங்க அப்பா என்னா உழைப்பு" என்றார்கள். ஒருவர்கூட அம்மாவின் கையைப் பார்க்கவில்லை. கம்பி அறுத்த கோடுகள் அந்தக் கையிலும்தான் இருக்கின்றன.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் கடையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து எதிர்க் கடை ஷட்டரில் மோதி நொறுங்கிக் கிடந்தது. உள்ளே வாடிக்கைக்காரர்களின் மோட்டார்கள் பதினொன்று, எல்லாம் நனைந்துவிட்டன. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததால் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்பாவுக்குப் பெரிய பயம் கரண்ட் வரும் நாளைப் பற்றித்தான். நனைந்த மோட்டாரைக் கழற்றி, கழுவி, நன்றாகக் காயவைத்து, மெகர் (கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகே போட வேண்டும். ஜனங்கள் எங்கே பொறுப்பார்கள், கரண்ட் வந்ததும் சுவிட்சைத் தட்டுவார்கள், புகை வரும். ஒரு சிலேட்டில் 'நனைந்த மோட்டாரைப் போடாதீர்கள், கொண்டு வந்தால் காயவைத்துத் தருகிறேன்' என்று எழுதி வாசலில் மாட்டினார். எரிந்து வந்தால் காயில் கட்டிக் காசு பார்க்கலாம், காயவைத்துக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். அப்பாவுக்குத் தொழில் சாமர்த்தியம் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கரண்ட் வந்தபின் காயவைக்க வந்தவையும் எரிந்து வந்தவையும் சேர்ந்து ரோடு வரை வரிசை நின்றது. ஷீட் போடாத கடையில், தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஸ்டேட்டருக்குள் (காயில் உட்காரும் வெளிக்கூடு) 200 வாட் பல்பு எரியவிட்டு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் பொங்கல் வந்தது. வீட்டுக்கு வர நேரமில்லை. அம்மா கடை வாசலிலேயே மூன்று செங்கல் வைத்துப் பானை ஏற்றினார். மோட்டாருக்காகக் காத்திருந்த விவசாயிகளும் எங்களோடு "பொங்கலோ பொங்கல்" சொன்னார்கள். எனக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. தார்ப்பாய்க்குக் கீழே, அந்த 200 வாட் வெளிச்சத்தில்தான் வேதியியல் படித்தேன். வெதுவெதுப்பாக இருக்கும்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விலை மலிவு என்று மோட்டார் வாங்குகிறவர்கள் உள்ளே இருப்பது காப்பரா அலுமினியமா என்று தயவுசெய்து கேட்டு வாங்குங்கள். அலுமினியம் கட்டிய மோட்டார் எரிந்ததும் காயில் கடைக்கு வந்து காப்பர் போடச் சொல்வீர்கள். கூலி சொன்னால், 'இந்த விலைக்குப் புது மோட்டாரே வாங்கலாம்' என்பீர்கள். காப்பர் விற்கிற விலை தெரியுமா? அப்பா எரிந்த காப்பரை எடை போட்டு, அந்தப் பணத்தைக் கூலியில் கழிப்பார், அல்லது மஞ்சள் பையில் போட்டுக் கையிலேயே கொடுத்துவிடுவார். அப்படியும் அவரைத் திருடன் என்று சொன்னவர்கள் உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், 'மெக்கானிக் பொண்ணா' என்று கேட்டுவிட்டு காபியைப் பாதியில் வைத்தார்கள். அதுவும் ஞாபகத்துக்கு வருகிறது. சரி, விடுங்கள்.

அப்பாவுக்குப் பால் தெளித்த அன்று சாயங்காலம் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். துக்கம் கேட்க வந்தவர் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன். கைகளைப் பிசைந்துகொண்டு, "தப்பா நெனைக்காதம்மா, என் மோட்டாரு…" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி அடிக்கவே போய்விட்டான். அம்மாதான் எழுந்து சாவியை எடுத்தார். கடையைத் திறந்தால் எல்லாவற்றிலும் சாக்பீஸில் ஊர், எச்பி, வாங்கிய முன்பணம் எழுதியிருந்தது. அவருடையது வார்னிஷ் காய்ந்து தயாராக இருந்தது. இன்னும் ஏழு மோட்டார் பாதியில் கிடந்தன. பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா கைப்பிடியைச் சுற்றினார், தம்பி கம்பியைப் பிடித்தான், நான் எண்ணினேன். பேங்கில் வேலை பார்க்கிற நான் பத்து நாள் லீவு நீட்டித்ததற்கு இதுதான் காரணம். மேனேஜர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

கடையை மூடிவிட்டோம். தம்பிக்கு அதில் விருப்பமில்லை, அவனைக் குறை சொல்லமாட்டேன்.

உங்களுக்கு என் பதில் இதுதான். நீங்கள் தொடங்கப்போகும் வேலையில் ஏதாவது ஒரு பகுதியை இராத்திரி வீட்டுக்குத் தூக்கிவர முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் உங்கள் மனைவி கேட்பது நியாயமாகவும் இருக்கலாம்.

அந்த ஏழில் ஆறைக் கொடுத்துவிட்டோம். ஒன்றரை எச்பி மோட்டார் ஒன்று மட்டும் இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்குப் போட்டு மூடியிருக்கிறது. சாக்பீஸ் எழுத்தில் 'பாலூர்' என்பது மட்டும் தெரிகிறது, பெயர் அழிந்துவிட்டது. வாரம் ஒரு தடவை அம்மா அதன் ஷாஃப்டைக் கையால் சுற்றிவிடுகிறார், பேரிங் இறுகாமல் இருக்க. பாலூர்ப் பக்கம் யாராவது இதைப் படித்தால் விசாரித்துப் பாருங்கள். மீதிப் பணம் எதுவும் தரவேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.